உயரமானவர்களுக்கு எடை குறைந்த டென்ட்: பார்த்து வாங்குவதும் அடிப்பதும்

என் உயரம் 193 செ.மீ. அடிக்கணக்கில் 6 அடி 4 அங்குலம். முதுகில் சுமந்துபோக முதன்முதலாக ஒரு டென்ட் வாங்கியபோது, அதன் தரை நீளம் 218 செ.மீ. என்று எழுதியிருந்தது. என்னைவிட 25 செ.மீ. அதிகம், காலை நீட்டிப் படுக்கலாம் என்று நம்பி வாங்கினேன். நான்கு நாள் நடை. இரண்டாம் நாள் விடியற்காலையில் கால் சில்லிட்டு விழிப்பு வந்தது. தொட்டுப் பார்த்தால், ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு நனைந்திருந்தது. மழையே பெய்யவில்லை. ராத்திரி முழுக்க என் கால்விரல்கள் டென்டின் சரிவான துணியில் முட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. நான் விட்ட மூச்சின் ஈரமெல்லாம் அந்தத் துணியின் உள்பக்கம் முத்து முத்தாகப் படிந்து, அத்தனையையும் பேக் உறிஞ்சியிருக்கிறது. அது இறகு அடைத்த பேக். இறகு நனைந்தால் கட்டிதட்டிப்போகும், சூட்டைப் பிடித்து வைக்காது. மீதி இரண்டு இரவுகளையும் முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் படுத்துத்தான் கழித்தேன்.

அதற்கப்புறம் எந்த டென்டைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் உள்ளே எவ்வளவு நீளம் இருக்கிறது?

30 செ.மீ. ஏன் என்று சொல்கிறேன். நாம் தரையோடு ஒட்டிப் படுப்பதில்லை. காற்றடைத்த மேட் 8 செ.மீ. உயரம் இருக்கும். மல்லாந்து படுத்தால் பாதம் நட்டுக்கொண்டு நிற்கும். உயரமானவர்களுக்குப் பாதமும் பெரிதுதான். அதன் மேல் ஸ்லீப்பிங் பேக்கின் தடிமன். தலைப்பக்கமும் இதே கதை: மேட், தலையணை, அதன் மேல் தலை. ஆக, நம் உடம்பின் இரண்டு முனைகளும் தரையிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. உயரத்தில்தான் டென்டின் துணியைச் சந்திக்கின்றன. அந்த உயரத்தில் துணி எவ்வளவு உள்ளே சாய்ந்து வந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். தலைப்பக்கமும் கால்பக்கமும் இருக்கும் துணிச்சுவர், அதாவது முனைச்சுவர், தரையோடு 45 பாகையில் சாய்ந்திருந்தால், 30 செ.மீ. உயரத்தில் ஒரு முனைக்கு 30 செ.மீ. போய்விடும். 60 பாகை என்றால் 17 செ.மீ. 75 பாகை, அதாவது கிட்டத்தட்ட செங்குத்து என்றால் 8 செ.மீ. மட்டும். என் முதல் டென்டின் சுவர்கள் 60 பாகையை ஒட்டி இருந்தன. 218இல் இரண்டு முனைக்கும் சேர்த்து 34 போனால் மிச்சம் 184. அதற்குள் 193 செ.மீ. ஆள் எப்படிப் படுப்பது?

நமக்கு வேண்டிய நீளம் நம் உயரம் மட்டும் அல்ல. படுக்கும்போது கால்விரல் கொஞ்சம் நீளும், பேக்கின் தடிமன் இரண்டு பக்கமும் இடம் கேட்கும், துணியில் படாமல் ஒரு விரல்கடையாவது இடைவெளி வேண்டும். உயரத்தோடு 20 செ.மீ. சேர்த்துக்கொள்வது என் வழக்கம். எனக்கு 213. அப்படியானால் 75 பாகைச் சுவருள்ள டென்டுக்குத் தரை நீளம் 229 செ.மீ. வேண்டும். 60 பாகைக்கு 247. 45 பாகைக்கு 273. உங்கள் உயரத்தைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள்.

சரி, சுவரின் சாய்வை எங்கே பார்ப்பது? விவரக் குறிப்பில் அதைப் பெரும்பாலும் போடமாட்டார்கள். ஆனால் பல தயாரிப்பாளர்கள் பக்கவாட்டுப் படம் ஒன்று கொடுப்பார்கள். அதைத் திரையில் பெரிதாக்கி, சாதாரண ஸ்கேலை வைத்து அளக்கலாம். தரைக்கோடு திரையில் 11 செ.மீ. இருந்து, அசல் நீளம் 220 என்றால், திரையின் 1 செ.மீ. அசலில் 20. அப்போது 30 செ.மீ. உயரம் என்பது திரையில் ஒன்றரை செ.மீ. தரைக்கோட்டிலிருந்து ஒன்றரை செ.மீ. மேலே ஸ்கேலைக் கிடையாக வைத்து, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை அளந்து 20ஆல் பெருக்குங்கள். இரண்டு நிமிட வேலை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: மேல்துணியும் உள்வலையும் தனித்தனியாக உள்ள டென்டில், உள்வலையின் கோட்டைத்தான் அளக்க வேண்டும். மேல்துணியை அளந்தால் ஏமாந்துபோவோம்.

எந்த வடிவம் நமக்கு ஆகும்

நடுவில் ஒரே கம்பு நிற்கும் பிரமிட் வடிவம் எடை குறைவு, காற்றையும் நன்றாகத் தாங்கும். ஆனால் நான்கு பக்கமும் சரிவு. தரை ரொம்ப நீளமாக இருந்தாலொழிய உயரமானவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். குகைபோல் நீண்ட டனல் டென்ட்களில் பல, கால்பக்கம் தாழ்ந்துகொண்டே போகும். அந்த முனையை மட்டும் தனியாக அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்குப் பிடித்தவை, நடக்கும்போது கையில் ஊன்றிப்போகும் ட்ரெக்கிங் கம்புகள் இரண்டையே நிறுத்தி அடிக்கும் டென்ட்கள். தனியாகக் கம்பு சுமக்க வேண்டாம் என்பதால் எடையில் பெரிய லாபம். நம்மைப்போன்றவர்கள் நீளமான கம்பைத்தான் எப்படியும் கையில் வைத்திருப்போம். இவற்றில் 120 செ.மீ.க்கு மேல் கம்பு கேட்கும் டென்ட்கள் உண்டு. குள்ளமான கம்பு வைத்திருப்பவர்கள் அங்கே அவதிப்படுவார்கள், நமக்கு அந்தக் கவலை இல்லை. ஸீபேக்ஸ் நிறுவனத்தின் டூப்ளெக்ஸ் இந்த வகை: தரை 229 செ.மீ. நீளம், 114 செ.மீ. அகலம். டர்ஸ்டன் எக்ஸ்-மிட் இன்னொரு யோசனையில் செய்தது. மேல்துணி செவ்வகம், அதற்குள் உள்தரை கோணலாகத் திரும்பிக் கிடக்கும். அதனால் படுக்கிற நீளம் கூடுகிறது. இரண்டில் எதை வாங்கினாலும் மேலே சொன்ன ஸ்கேல் கணக்கைச் செய்துவிட்டே வாங்குங்கள்.

வளையும் கம்பிகளோடு தானாக நிற்கும் டென்ட் வேண்டுமென்றால், கால்பக்கம் ஒற்றைக் கம்பியில் கூம்பி முடியாமல், நான்கு மூலைக்கும் தனித்தனிக் கம்பி போகிறதா என்று பாருங்கள். கூம்பி முடிவது எடையைக் குறைக்கச் செய்யும் உபாயம். அந்த எடையை நம் கால்விரல்களிடமிருந்துதான் எடுக்கிறார்கள்.

குறுக்காகப் படுப்பது பழைய தந்திரம், நல்ல தந்திரமும்கூட. இரண்டு பேர் டென்டில் ஒருவராகப் படுக்கும்போது 213க்கு 127 தரையின் மூலைவிட்டம் 248 செ.மீ. வருகிறது. ஆனால் மூலையில் இரண்டு சுவர்கள் சேர்ந்து சரிகின்றன என்பதை மறக்க வேண்டாம். காகிதத்தில் 248 இருந்தாலும் பாதம் இருக்கும் உயரத்தில் அது நன்றாகக் குறைந்திருக்கும். படுத்துப் பார்க்காமல் இதை நம்பக் கூடாது.

உட்காரும் உயரத்தையும் பாருங்கள். வீட்டுச் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்தால் எனக்கு 100 செ.மீ. வருகிறது. மேட்டின் 8, தலைக்கு மேல் கொஞ்சம் இடம், ஆக 115க்குக் குறைந்தால் கழுத்தைக் குனிந்தபடியேதான் சட்டை மாற்ற வேண்டும். அந்த உச்சி எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். நடுவில் 120 இருந்து, நாம் எழுந்து உட்காரும் இடத்தில் 95 இருந்தால் பயனில்லை.

அகலம்: நீளமான மேட்கள் 196 செ.மீ. நீளத்தில் வருகின்றன, அவற்றில் பல 64 செ.மீ. அகலம். இரண்டு பேர் அப்படிப்பட்ட மேட்களோடு போனால் 128 செ.மீ. வேண்டும். 114 அகலத் தரையில் அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

துணியும் எடையும்

சிலிகான் பூசிய நைலான் மெல்லியது, உறுதியானது. ஆனால் ஈரம் பட்டால் தொய்யும். சாயங்காலம் தம்பட்டத் தோல்போல் விறைப்பாக அடித்த டென்ட், நடுராத்திரியில் தொங்கி முகத்துக்கு அருகே வந்து நிற்கும். குறைந்த உயரமுள்ளவர்களுக்கு இது அழகுப் பிரச்சினை. நமக்கு, இருந்த இரண்டு விரல்கடை இடைவெளியும் போய்விடும். பாலியஸ்டர் இதைவிட மிகக் குறைவாகத் தொய்யும். டைனீமா என்ற மிக உறுதியான செயற்கை இழையில் செய்த துணி தண்ணீரை உறிஞ்சாது, நீளவும் செய்யாது, எடையும் மிகக் குறைவு. ஆனால் விலை அதிகம், கூர்மையான கல்லிடம் பாவம், மடித்தால் பெரிதாக இருக்கும். எனக்கு இப்போது பாலியஸ்டர்தான் ஒத்துவருகிறது.

எடையைப் பற்றி ஒரே வார்த்தை. ஒருவருக்கான டென்டில் 200 கிராம் கூடினாலும் நீளத்துக்காக அதை நான் தயங்காமல் சுமப்பேன். நனைந்த பேக் அதைவிடக் கனமானது, குளிர்ந்த இரவு அதைவிடவும் கனமானது.

முதலில் வீட்டில் படுத்துப் பாருங்கள்

டென்ட் கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஏதாவது திறந்தவெளியில் அடித்துப் பாருங்கள். வெறும் தரையில் படுத்துப் பார்ப்பது சோதனையே ஆகாது. மேட்டை ஊதி, தலையணை வைத்து, ஸ்லீப்பிங் பேக்குக்குள் முழுதாகப் புகுந்து ஜிப்பை இழுத்துவிட்டுப் படுக்க வேண்டும். தலைமாட்டில் துணிக்கும் தலைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இருக்கும்படி வைத்துக்கொண்டு, கால்மாட்டை வெளியிலிருந்து யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மேல்துணியில் பாதம் முட்டினால் வெளியே புடைப்பு தெரியும். அப்புறம் மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற என்று மூன்று விதமாகவும் படுங்கள். குப்புறப் படுக்கும்போது கால்விரல் நீண்டு இன்னும் ஏழெட்டு செ.மீ. கேட்கும்.

ஸ்லீப்பிங் பேக்கின் அளவையும் அப்போதே சரிபாருங்கள். சாதாரண அளவு பேக்குகள் பெரும்பாலும் 183 செ.மீ. ஆளுக்குச் செய்தவை, நீள அளவு 198 வரை. குட்டையான பேக்கில் கால்நுனி அடைப்பை அழுத்திக்கொண்டே இருந்தால் டென்ட் எவ்வளவு நீளமாக இருந்தும் கால் குளிரும்.

இடம் பார்ப்பது

குழிவான இடம் வேண்டாம். மழை வந்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். பள்ளத்தாக்கின் அடியும் நீரோடைக் கரையும் ராத்திரியில் குளிர்ந்த காற்று இறங்கித் தங்கும் இடங்கள், பனியும் அங்கே அதிகமாகப் படியும். நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளியே அடியுங்கள். தண்ணீருக்கு வரும் விலங்குகளுக்கும் அது நல்லது. கொஞ்சம் மேட்டில், மரங்களுக்கு இடையே அடித்தால் துணியில் ஈரம் படிவது கண்கூடாகக் குறையும். மேலே பட்டுப்போன கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு அடியுங்கள்.

அடிப்பதற்கு முன் தரையில் அப்படியே மல்லாந்து படுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு உடம்புக்குத் தெரியும். சரிவு இருந்தால் தலை மேட்டுப்பக்கம். இதில் நமக்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு: சரிவில் உடம்பு ராத்திரியில் மெல்ல மெல்லக் கால்பக்கம் வழுக்கி இறங்கும். வழுக்குகிற மேட் என்றால் விடியும்போது பாதம் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். அதனால் நான் சமதளத்துக்காகப் பத்து நிமிடம் கூடத் தேடுவேன்.

அடிக்கும் முறை

இரண்டு ட்ரெக்கிங் கம்பு டென்டை வைத்துச் சொல்கிறேன். எல்லா ஜிப்பையும் மூடிக்கொள்ளுங்கள். ஜிப் திறந்திருந்தால் செவ்வகம் கோணிப்போகும், கடைசியில் கதவு மூடாது. குறுகிய பக்கம் காற்றை எதிர்கொள்ளட்டும். நான்கு மூலைகளையும் செவ்வகமாக வைத்து முளை அடியுங்கள், ஆனால் கயிற்றை முழுக்க இறுக்க வேண்டாம். பிறகு இரண்டு கம்புகளையும் உள்ளே ஊன்றி நிமிர்த்துங்கள். முகட்டின் இரு முனைக் கயிறுகளையும் இழுத்துக் கட்டுங்கள். கடைசியாகத்தான் மூலைகளைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். துணியில் சுருக்கம் ஓடினால் ஏதோ ஒரு மூலை தளர்வு என்று பொருள், பெரும்பாலும்.

முளையின் தலை டென்டைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், கயிறும் முளையும் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். முளையை ஒரு விரல்கடைகூட வெளியே விடாமல் முழுதாக இறக்குங்கள். பாறைத் தரையில் முளை இறங்காது. அங்கே கயிற்றின் கண்ணியை ஒரு சின்னக் கல்லில் மாட்டி, அதற்கு முன்னால், டென்ட் பக்கமாக, பெரிய கல் ஒன்றைக் கயிற்றின் மேல் வையுங்கள். இழுக்கும்போது சின்னக் கல் பெரிய கல்லில் தடுத்து நிற்கும். மணலில் ஒரு குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டி, கயிற்றுக்குக் குறுக்காகக் கிடக்கும்படி ஆழமாகப் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள்.

கயிற்றின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன இறுக்கி அதில் இல்லையென்றால் ஒரு முடிச்சு போதும். முளையைச் சுற்றி வந்த நுனியை, முளைக்கும் உங்களுக்கும் நடுவில் உண்டான வளையத்துக்கு உள்ளே, டென்டிலிருந்து வரும் கயிற்றின் மேல் இரண்டு சுற்று சுற்றுங்கள். பிறகு வளையத்துக்கு வெளியே, டென்ட் பக்கமாக, அதே திசையில் ஒரு சுற்று சுற்றி நுனியை அடியில் விட்டு இறுக்குங்கள். முடிச்சைக் கையால் தள்ளினால் நகரும், கயிறு இழுத்தால் நகராது. வழுவழுப்பான மெல்லிய கயிற்றில் உள்ளே மூன்று சுற்று போடுங்கள்.

இப்போது கால்மாடு. இந்த ஒரு வேலைக்காகத்தான் நான் கூடுதலாக இரண்டு மீட்டர் கயிறும் இரண்டு முளையும் வைத்திருக்கிறேன். பல டென்ட்களில் முனைச்சுவரின் நடுவில் ஒரு சின்னக் கண்ணி தைத்திருக்கும். அதில் கயிற்றைக் கட்டி நேரே தரை முளைக்கு இழுத்தால் சுவர் கீழ்நோக்கித்தான் இழுபடும். அதற்குப் பதில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி முழங்கால் உயரக் குச்சி ஒன்றை நிறுத்தி, கயிற்றைக் குச்சியின் தலையில் ஒரு சுற்று சுற்றி, அங்கிருந்து முளைக்கு இறக்குங்கள். இப்போது இழுப்பு கிடையாக வெளியே போகும். சுவர் நிமிரும். என் டென்டில் பாதத்தின் உயரத்தில் ஐந்தாறு செ.மீ. கிடைக்கிறது. கேட்பதற்குக் கொஞ்சம்தான். படுத்தவருக்குத் தெரியும் அது எவ்வளவு என்று. உள்வலை மேல்துணியோடு அந்த இடத்தில் கொக்கியால் சேர்ந்திருந்தால்தான் இந்தப் பலன் உள்ளே வரும். சேர்ந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துவிடுங்கள். தலைமாட்டுக்கும் இதையே செய்யலாம்.

தானாக நிற்கும் டென்டிலும் முனைச்சுவர்க் கயிறுகளைக் கட்டாமல் விடாதீர்கள். கம்பி நிற்கிறதே, போதும் என்று தோன்றும். துணி நிற்க வேண்டுமே.

இரவுக்கு

மூச்சின் ஈரம் வெளியேற வழி வேண்டும். மேல் காற்றுத் துவாரங்களைத் திறந்து வையுங்கள். காற்று பலமாக இல்லையென்றால் மூலைக் கயிறுகளை ஒரு கைப்பிடி நீளம் விட்டு, மேல்துணியின் விளிம்பு தரையைத் தொடாமல் இருக்கும்படி அடியுங்கள். மழை இல்லாத இரவில் ஒரு கதவைச் சுருட்டிக் கட்டிவிடுவேன். நனைந்த உடுப்பை உள்ளே விரிக்காதீர்கள்.

தூங்கப்போகும் முன், இருட்டியபின் ஒருமுறை வெளியே வந்து கயிறுகளைத் தொட்டுப் பாருங்கள். நைலான் என்றால் கட்டாயம் தொய்ந்திருக்கும். ஒரு சுற்று இறுக்கிவிட்டுப் படுத்தால் விடியும்வரை தாங்கும்.

அப்படியும் பாதம் சுவரைத் தொடும் என்று தெரிந்தால், மழைச்சட்டையின் ஜிப்பை மூடி அதைப் பேக்கின் கால்பக்கத்தில் உறைபோல் மாட்டிவிடுங்கள். காற்று புகாத ரப்பர் மாதிரிச் சட்டை ஆகாது, உள்ளிருந்து வரும் ஈரம் அதில் சிக்கிக்கொள்ளும். நீர் தாங்கி, ஆவி விடும் வகையாக இருக்க வேண்டும். என் முதல் டென்ட் இன்னும் இருக்கிறது, 180 செ.மீ. உயரமுள்ள நண்பருக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்கூடக் குளிர்ந்த இரவுகளில் இந்த மழைச்சட்டை வேலையைச் செய்கிறார்.

காலையில் எழுந்ததும், உட்காரும் முன்பே, கைக்கெட்டும் இடத்தில் வைத்த சின்னத் துணியால் தலைக்கு மேலுள்ள ஈரத்தைத் துடைத்துப் பிழிந்துவிடுங்கள். உயரமானவர் எழுந்து உட்கார்ந்தால் முதலில் துடைப்பது தலைமுடிதான். பேக்கைச் சுருட்டி உள்ளே வைத்தபின் டென்டைப் பிரித்து, உள்வலையைத் தனியாகவும் ஈரமான மேல்துணியைத் தனியாகவும் மடியுங்கள். மதியம் வெயில் கண்ட இடத்தில் கால் மணி நேரம் விரித்துப் போட்டால் இரண்டும் காய்ந்துவிடும். வீடு திரும்பியதும் மறுபடி நன்றாகக் காயவிட்டு, இறுக்கிச் சுருட்டாமல் பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். ஈரத்தோடு கிடந்தால், தண்ணீர் புகாமலிருக்க டென்டின் தரைத்துணியில் பூசிய பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கும், அதற்கப்புறம் அந்தத் தரை தண்ணீரைத் தடுக்காது.